ஆபரேஷன் அன்று காலை பிரஷர் மாத்திரை: போடலாமா, கூடாதா?

தேதி கொடுத்தாயிற்று. "ஒரு மடக்குத் தண்ணீரில் பிரஷர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வாருங்கள்" என்கிறார் ஒரு டாக்டர். "அதைத் தொடவே கூடாது" என்கிறார் மயக்க மருந்து டாக்டர். வாசகர் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி இதுதான். அடுத்த வாரமே ஆபரேஷன் என்பவர்களும் எழுதியிருப்பதால் விளக்கத்தைத் தள்ளிப்போட முடியாது.

மயக்க மருந்து ஏறிய சில நிமிடங்களில் பிரஷர் இறங்குவது தியேட்டரில் அன்றாடக் காட்சி. புரோபோஃபால் என்ற மயக்க மருந்து ரத்தக்குழாய்களைத் தளர்த்துகிறது. ரத்தம் சிரைகளிலேயே தேங்கி, இதயத்துக்குத் திரும்புவது குறைகிறது. வென்டிலேட்டரின் காற்றழுத்தமும் அதைத் தடுக்கிறது. ஆபரேஷன் செய்யும் டாக்டர் இன்னும் கை கழுவிக்கொண்டிருப்பார். நர்ஸ் வயிற்றில் பெட்டடைன் தடவிக்கொண்டிருப்பார். கத்தி பட்டால் பிரஷர் தானாக ஏறும். அதுவரை ஏற்றிவிட எதுவும் இல்லை.

"இது சகஜம், தற்காலிகம்" என்பது ஆஸ்பத்திரிகளின் வழக்கமான ஆறுதல். எவ்வளவு சகஜம்? 2007-ல் வெளியான ஓர் ஆய்வு 130 கட்டுரைகளைப் புரட்டியபோது, தாழ் அழுத்தத்துக்கு 140 விதமான வரையறைகள் கிடைத்தன. எந்த வரையறையை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து, அதே நோயாளிகளில் 5 சதவீதம் பேருக்கு வந்தது என்றும் சொல்லலாம், 99 சதவீதம் என்றும் சொல்லலாம். இன்று பலரும் சராசரி அழுத்தம் 65-க்குக் கீழ் போவதைக் கணக்கில் எடுக்கிறார்கள். அதுவும் எல்லோருடைய உடம்புக்கும் பொருந்தும் கோடு அல்ல.

மாத்திரைக்கு வருவோம். பிரஷரைத் தாங்க உடம்பில் மூன்று ஏற்பாடுகள்: கரண்ட் போனால் இன்வெர்ட்டர், அதுவும் போனால் ஜெனரேட்டர் என்பதுபோல. முதலாவது, குழாய்களை இறுக்கும் பரிவு நரம்புகள். மயக்க மருந்து அதை அடக்கிவிடுகிறது. அடுத்தது சிறுநீரகம் தொடங்கிவைக்கும் ஆஞ்சியோடென்சின்; டெல்மிசார்ட்டன், எனலாப்ரில் போன்ற மாத்திரைகளின் வேலையே அதைத் தடுப்பதுதான். மிஞ்சுவது வாசோப்ரெசின் என்ற ஹார்மோன் மட்டுமே. அதனால்தான் இந்த மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களில் சிலருக்கு எஃபெட்ரின் ஊசிக்கும் பிரஷர் ஏறாதபோது, வாசோப்ரெசினையே மருந்தாகக் கொடுக்க வேண்டிவருகிறது.

இதில் இன்னொரு சிக்கல்: டெல்மிசார்ட்டன் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 24 மணி நேரம் ஆகும். காலை மாத்திரையை மட்டும் விட்டால் நேற்றையது பாதி வேலை செய்துகொண்டுதான் இருக்கும். பிரான்சில் 2,222 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் 48 மணி நேரம் முன்பே இவ்வகை மாத்திரைகளை நிறுத்திப் பார்த்தார்கள் (2024). நிறுத்தியவர்களில் 41 சதவீதம் பேருக்கும், தொடர்ந்தவர்களில் 54 சதவீதம் பேருக்கும் ஆபரேஷனின்போது பிரஷர் இறங்கியது. மரணமும் பெரிய சிக்கல்களும் சேர்ந்து இரு தரப்பிலும் 22 சதவீதம். ஆக, இரண்டு டாக்டர்களுமே பிடித்துக்கொள்ள ஆதாரம் இருக்கிறது. முடிவை மயக்க மருந்து டாக்டரிடம் விடுங்கள். மானிட்டரைப் பார்த்துக்கொண்டு நிற்கப்போவது அவர்தான்.

மற்ற கேள்விகள்:

அட்டெனலால், மெட்டோப்ரொலால்? ஏற்கெனவே சாப்பிடுபவர்கள் திடீரென நிறுத்தக் கூடாது.

ராத்திரியிலிருந்தே தண்ணீர்கூடக் கூடாதா? பெரும்பாலோர் இரண்டு மணி நேரம் முன்புவரை வெறும் தண்ணீர் குடிக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

முதுகு ஊசி என்றால் பிரஷர் இறங்காதா? இறங்கும்.

மாத்திரையின் பெயர் தெரியாது? அட்டையை அப்படியே பையில் போட்டுக்கொண்டு போங்கள்.