பன்றி விரட்டவா, குறி பார்த்துச் சுடவா? ரைபிள் வாங்க ஆசைப்படும் முன் பினாங்குவாசிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை

பினாங்கில் 'ரைபிள் ரேஞ்ச்' என்று சொன்னால் யாருக்கும் துப்பாக்கி நினைவுக்கு வராது. ஆயர் ஈத்தாம் பக்கத்து அடுக்குமாடி வீடுகள்தான் நினைவுக்கு வரும். ஒரு காலத்தில் அங்கே உண்மையிலேயே துப்பாக்கி சுடும் திடல் இருந்தது. 'பாடாங் தெம்பாக்' என்ற மலாய்ப் பெயருக்கும் அதுதான் பொருள். 1960களின் கடைசியில் அந்த இடத்தில் 17, 18 மாடிக் கட்டடங்கள் எழும்பத் தொடங்கின.

திடல் இருந்த இடத்தில் இன்று ஆயிரக்கணக்கானோர் குடியிருக்கிறார்கள். இணையத்தில் ரைபிள் படங்களைப் பார்த்துவிட்டு "இதுல எது நல்லது?" என்று கேட்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. எந்த ரைபிள் என்று கேட்பதற்கு முன், அதிலிருந்து கிளம்பும் தோட்டா எங்கே போய் நிற்கும் என்று கேட்க வேண்டிய ஊர் இது.

'போல்ட்-ஆக்‌ஷன்' என்றால் என்ன?

கதவுத் தாழ்ப்பாளை நினைத்துக்கொள்ளுங்கள். பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்தால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழும். முன்னால் தள்ளி, கீழே அழுத்தினால் புதிய தோட்டா உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் இதைக் கையால்தான் செய்ய வேண்டும்.

ஜெர்மனியின் மவுசர் நிறுவனம் 1898இல் கொண்டுவந்த வடிவமைப்பின் சாயலை இன்றைய பல ரைபிள்களிலும் பார்க்கலாம். சுடும் நேரத்தில் அசையும் பாகங்கள் குறைவு, தோட்டா இறுக்கமாகப் பூட்டப்பட்டிருக்கும். குறி தவறாமல் சுட நினைப்பவர்கள் இந்த வகையைத் தேடுவது இதனால்தான்.

வாங்குபவர்கள் எதைப் பார்ப்பார்கள்?

விளையாட்டுச் சங்கங்களில் துப்பாக்கியைத் தேர்வு செய்பவர்கள் முக்கியமாகக் கவனிப்பவை இவை:

• குழல்: கனமான குழல் மெதுவாகச் சூடாகும், அதிர்வும் குறைவு. வரிசையாகப் பல முறை சுட இது ஏற்றது. ஆனால் தூக்கிக்கொண்டு நடக்கச் சிரமம்.

• விசை: அழுத்தும்போது இழுபடாமல், சட்டென்று விடுபட வேண்டும். இழுவை கூடினால் கை அசையும், குறியும் நகரும்.

• கட்டை: மரக்கட்டை ஈரத்தை உறிஞ்சி உப்பும். உப்பிய மரம் குழலைத் தொட்டால் குறி மாறிவிடும். பினாங்கு போன்ற கடலோர ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. குழலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு தாளை நுழைத்து, தடங்கல் இல்லாமல் இழுக்க முடிகிறதா என்று பார்ப்பது பழைய சோதனை.

• துல்லியம்: 'ஒரு மினிட் ஆஃப் ஆங்கிள்' என்று விளம்பரங்களில் வரும். 100 மீட்டர் தூரத்தில் தோட்டாக்கள் சுமார் 3 சென்டிமீட்டர் அகலத்துக்குள் விழும் என்று அர்த்தம். தொழிற்சாலையில் இருந்து நேராக வரும் ரைபிளுக்கு இது நல்ல அளவு.

• பராமரிப்பு: உப்புக்காற்றில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். சுட்ட பிறகு துடைத்து எண்ணெய் பூசாமல் வைத்தால், எவ்வளவு விலை கொடுத்த துப்பாக்கியும் கெட்டுப்போகும்.

'வார்மின்ட்' ரைபிள் நம் ஊருக்குப் பொருந்துமா?

'வார்மின்ட்' என்பது பயிருக்குத் தொல்லை தரும் சிறு விலங்குகளைக் குறிக்கும் அமெரிக்கச் சொல். அங்கே பரந்த புல்வெளிகளில், நிலத்தில் வளை தோண்டும் விலங்குகளை 200, 300 மீட்டர் தள்ளி இருந்து சுடுவார்கள். அதற்காகவே கனமான குழலும், வினாடிக்கு ஆயிரம் மீட்டரை நெருங்கும் வேகத்தில் பறக்கும் சிறிய தோட்டாவும் கொண்ட ரைபிள்கள் செய்யப்படுகின்றன. பாயிண்ட் 223 ரெமிங்டன் அந்த வகைத் தோட்டாக்களில் பிரபலமானது.

பாலிக் புலாவ் டுரியான் தோட்டத்திலோ, செபராங் பிறை செம்பனைத் தோட்டத்திலோ நிலைமை வேறு. இங்கே தொல்லை தருவது காட்டுப்பன்றி. இளம் செம்பனைக் கன்றின் குருத்தைத் தோண்டித் தின்றுவிடும். சிறு விலங்குக்காகச் செய்த, பட்டவுடன் சிதறும் தோட்டா பன்றிக்கு ஏற்றதில்லை. காயத்தோடு ஓடும் பன்றி ஆளுக்கும் ஆபத்து.

தோட்டா எவ்வளவு தூரம் போகும்?

இங்கதான் பெரிய சிக்கல். ரைபிள்களில் மிகச் சிறியது என்று நினைக்கும் பாயிண்ட் 22 தோட்டாவே, மேல்நோக்கிச் சுட்டால் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடும். பாயிண்ட் 223 சுமார் 3 கிலோமீட்டர் போகும். ஜோர்ஜ்டவுனுக்கும் பட்டர்வொர்த்துக்கும் நடுவே ஃபெர்ரி கடக்கும் கடலும் ஏறக்குறைய அவ்வளவு தூரம்தான்.

'செனாப்பாங் பாத்தா' என்று நாம் சொல்லும், நடுவில் மடக்கித் தோட்டா போடும் வேட்டைத் துப்பாக்கியின் குண்டுகள் சில நூறு மீட்டரில் வேகம் இழந்து விழுந்துவிடும். தோட்டப் பாதுகாப்புக்கு உரிமம் வாங்கியவர்கள் கையில் நீங்கள் வழக்கமாகப் பார்ப்பது இதுதான். அதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. பன்றி என்று நினைத்து மனிதரைச் சுட்ட செய்திகள் நம் நாட்டில் அவ்வப்போது வருகின்றன.

சட்டம் என்ன சொல்கிறது?

1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, போலீஸ் தரும் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். 7 ஆண்டு வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். 1971ஆம் ஆண்டின் கூடுதல் தண்டனைச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டால், 14 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 6 பிரம்படியும்.

"ஏர் கன்தானே, பரவாயில்ல" என்று நினைக்காதீர்கள். ஆயுதச் சட்டத்தின் விளக்கத்தில் காற்றுத் துப்பாக்கியும் அடங்கும். இணையத்தில் 'ஆர்டர்' போட்டால் வீட்டுக்கு வந்துவிடும் என்று யாராவது சொன்னால், பார்சலோடு வழக்கும் வரும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

துப்பாக்கி உரிமம் இருந்தாலும் வேட்டைக்குத் தனி உரிமம் வேண்டும். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டுப்பன்றியும் நீண்டவால் குரங்கும் பாதுகாக்கப்பட்ட விலங்குகள். வேட்டை உரிமத்தைத் தருவது பெர்ஹிலிதான் எனப்படும் வனவிலங்குத் துறை.

அப்போ பன்றித் தொல்லைக்கு என்ன வழி?

முதலில் பெர்ஹிலிதானிடம் புகார் கொடுங்கள். கூண்டு வைப்பதா, வேறு நடவடிக்கை எடுப்பதா என்று அவர்கள் பார்ப்பார்கள். கன்றுகளைச் சுற்றித் துத்தநாகத் தகட்டு வேலி, அகழி, முறையாக அமைத்த மின்வேலி ஆகியவையும் தோட்டங்களில் பயனில் உள்ளன. வீட்டு மின்சாரத்தை நேராக வேலிக்கு இழுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். அது பன்றிக்கு முன்னால் மனிதரைக் கொன்றுவிடும்.

தமிழ்நாட்டிலும் இதே பிரச்சினை உண்டு. 2025 ஜனவரியில் வந்த அரசாணைப்படி, காப்புக்காட்டில் இருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுட அனுமதி உண்டு. ஆனால் சுட வேண்டியது விவசாயி அல்ல, வனத்துறை ஊழியர்.

விளையாட்டுக்காகச் சுடத்தான் ஆசை என்றால்?

அதற்கு நல்ல வழி இருக்கிறது. துப்பாக்கி வாங்குவதில் தொடங்காதீர்கள், சங்கத்தில் சேர்வதில் தொடங்குங்கள். அனுமதி பெற்ற திடலில், பயிற்றுநர் பக்கத்தில் நிற்க, சங்கத்தின் துப்பாக்கியில் பழகலாம். சில மாதம் சுட்ட பிறகுதான் உங்கள் தோளுக்கும் கைக்கும் எது ஒத்துவரும் என்பதே தெரியும்.

10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் நடுப்புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர்தான். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நம் நாட்டின் நூர் சுர்யானி 8 மாத கர்ப்பிணியாக நின்று சுட்டது இந்தப் பிரிவில்தான். கடலூரில் பிறந்து இந்தியாவுக்காகச் சுடும் இளவேனில் வாலறிவனும் இதே பிரிவு வீராங்கனை. 50 மீட்டர் போட்டிக்குப் போனால் பாயிண்ட் 22 ரைபிள். அங்கே 'போல்ட்' வகையையும் கையில் எடுக்கலாம்.

யாராவது உங்களிடம் ரைபிள் விற்க வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எதற்காக? எங்கே சுடப்போகிறோம், தோட்டாவைத் தடுக்க அங்கே மண்மேடு இருக்கிறதா? உரிமம் யார் பெயரில்? மூன்றில் ஒன்றுக்குப் பதில் இல்லை என்றாலும், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.