கழிவுநீர் செல்லும் வழியும் சட்டத்தின் காவலும்

உலு சிலாங்கூர் மாவட்டத்திலே, ரவாங்குக்கு வடக்கே அமைந்துள்ள புக்கிட் செந்தோசா, ரப்பரும் செம்பனையும் செழித்த வட்டாரத்தில் எழுந்த குடியிருப்பு நகரம். தோட்டங்களை விட்டு வந்த தமிழ்க் குடும்பங்கள் பல இங்கும் பக்கத்திலுள்ள புக்கிட் பெருந்தோங்கிலும் வாழ்கின்றன. லயத்து வாழ்க்கை நகர வாழ்க்கையானபோது வேலையும் வீடும் மட்டுமா மாறின? பொறுப்பு ஒன்றும் கைமாறிற்று. அதுவே கழிவுநீரைப் பற்றிய பொறுப்பு.

தோட்டத்தில் குடியிருப்பும் குடிநீரும் சுகாதாரமும் முதலாளியின் கடமை என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு விதித்தது. பின்னர் வந்த 1966, 1990-ஆம் ஆண்டுச் சட்டங்களும் அக்கடமையை முதலாளியின் மீதே வைத்தன. கால்வாய் அடைத்துக்கொண்டால் நிர்வாகத்திடம் முறையிடுவதே வழி. நகரத்திலோ அக்கடமை பலருக்குப் பங்கிடப்பட்டிருக்கிறது. அதில் முதற்பங்கு வீட்டுக்காரருடையது.

இரு நீர், இரு வழி

வீட்டிலிருந்து வெளியேறும் நீர் இருவகைப்படும். கூரையிலும் முற்றத்திலும் விழும் மழைநீர் ஒன்று. கழிப்பறை, குளியலறை, சமையலறை ஆகியவற்றிலிருந்து வரும் கழிவுநீர் மற்றொன்று. மழைநீர் திறந்த கால்வாய் வழியே நேராக ஆற்றுக்குச் செல்லும். கழிவுநீர் நிலத்தடிக் குழாய் வழியே சுத்திகரிப்பு நிலையத்துக்குச் செல்லவேண்டும். இவ்விரண்டும் கலக்கலாகாது என்பதே விதிகளுக்கெல்லாம் அடிப்படை.

அதன் காரணத்தைச் சிறிய கணக்கு ஒன்றால் அறியலாம். ஒரு வீட்டில் 5 பேர், ஒருவருக்கு நாளொன்றுக்கு 225 லிட்டர் என்று கொண்டே மலேசியாவில் நிலையங்கள் திட்டமிடப்படுகின்றன. அதாவது, வீடொன்றுக்கு 1,125 லிட்டர். 100 சதுர மீட்டர் கூரையின்மேல் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5,000 லிட்டர் நீர் சேரும். அதைக் கழிவுநீர்க் குழாயில் திருப்பிவிட்டால், நான்கு வீடுகளுக்கு மேற்பட்ட ஒருநாள் கழிவுநீர் சிறிது நேரத்தில் பாய்ந்தது போலாகும். குழாய் தாங்காது, ஆள்துளை மூடியைத் தள்ளிக்கொண்டு அழுக்கு தெருவில் வழியும்.

இதற்கு மாறான தவறும் உண்டு. சமையலறையைப் பின்புறமாக நீட்டிக் கட்டும்போது பாத்திரம் கழுவும் நீரை அருகிலுள்ள மழைநீர்க் கால்வாயில் விட்டுவிடுகிறார்கள். அந்த எண்ணெயும் சோப்பும் எவ்விதச் சுத்திகரிப்புமின்றி ஆற்றை அடைகின்றன. உணவகங்கள் எண்ணெய்ப் பொறி வைக்கவேண்டும் என்ற விதியும் இதனை ஒட்டியதே. எண்ணெய் ஆறியதும் குழாயினுள் கட்டியாகப் படிந்து வழியை அடைத்துவிடும்.

யார் யாருக்கு எது?

1993 வரை கழிவுநீர் ஊராட்சி மன்றங்களின் வேலையாக இருந்தது. அவ்வாண்டு இயற்றப்பட்ட கழிவுநீர்ச் சேவைச் சட்டம் அதனை மத்திய அரசாங்கத்திடம் ஒப்படைத்தது. 1994-இல் இண்டா வாட்டர் நிறுவனம் பணியைத் தொடங்கியது. 2000-இல் அது நிதியமைச்சின் உடைமையாயிற்று. 2006-ஆம் ஆண்டு நீர்ச் சேவைத் தொழிற்சட்டம் 2008 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் மேற்பார்வை தேசிய நீர்ச் சேவை ஆணையத்தைச் சேர்ந்தது.

ஆகவே, தெருக் கால்வாய் அடைத்தால் உலு சிலாங்கூர் நகராண்மைக் கழகத்திடம் முறையிடவேண்டும். பொதுக் குழாயின் ஆள்துளை பொங்கினால் இண்டா வாட்டரிடம் சொல்லவேண்டும். தொழிற்கூடக் கழிவு ஆற்றில் கலந்தால் சுற்றுச்சூழல் இலாகாவும் லுவாஸ் எனப்படும் சிலாங்கூர் நீர் நிர்வாக வாரியமும் விசாரிக்கும். வீட்டிலிருந்து பொதுக் குழாயைச் சேரும் வரையுள்ள இணைப்புக் குழாய் வீட்டுக்காரரின் பொறுப்பு. அடுக்குமாடி வீடுகளிலோ பொதுவான குழாய்கள் நிர்வாகக் குழுவின் பொறுப்பு. பராமரிப்புக் கட்டணம் வசூலாகாத கட்டடத்தில் குழாய் உடைந்தால் துன்பம் எல்லாருக்கும் பொது.

தனித்தனிச் செப்டிக் தொட்டி உள்ள வீடுகளுக்கும் கடமை உண்டு. அடியில் தங்கும் கசடைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை அகற்றவேண்டும். கசடு நிறைந்த தொட்டியில் அழுக்கு அடியில் தங்க இடமிராது; உள்ளே வந்தது வந்தபடியே வெளியேறும்.

ஆறு கேட்கும் அளவு

கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது நீரிலுள்ள பிராணவாயுவை உட்கொள்கின்றன. அத்தேவை எவ்வளவு என்பதே மாசின் அளவுகோல். வீட்டுக் கழிவுநீரில் அது லிட்டருக்கு ஏறத்தாழ 250 மில்லிகிராம் எனக் கொள்ளப்படுகிறது. 2009-ஆம் ஆண்டு விதிகளின்படி, குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேற்புறத்தில் புதிய நிலையங்கள் அதை 20-க்குக் குறைத்தே ஆற்றில் விடவேண்டும். கீழ்ப்புறத்தில் 50 வரை அனுமதி உண்டு. பழைய நிலையங்களுக்கு, அவை அமைந்த காலத்துக்கேற்பத் தளர்ச்சி தரப்பட்டுள்ளது.

மேற்புறம், கீழ்ப்புறம் என்ற இப்பாகுபாடு உலு சிலாங்கூருக்கு மிகவும் முக்கியமானது. சிலாங்கூர் ஆறு மாநிலத்துக்கும் கோலாலம்பூருக்கும் புத்ராஜெயாவுக்கும் வேண்டிய குடிநீரில் பெரும்பகுதியைத் தருகிறது. அதே ஆறுதான் கோல சிலாங்கூர் மின்மினிகளையும் வாழவைத்துக் கடலில் கலக்கிறது. 2020 செப்டம்பர் 3-ஆம் நாள் ரவாங் பகுதியில் கலந்த கழிவின் நாற்றம் காரணமாக 4 குடிநீர் நிலையங்கள் நிறுத்தப்பட்டன. ஏறத்தாழ 12 லட்சம் இணைப்புகளில் நீர் நின்றது. அதன் பின்னர் மாநிலச் சட்டம் திருத்தப்பட்டு, ஆற்றை மாசுபடுத்துவோருக்கு 2 லட்சம் முதல் 10 லட்சம் ரிங்கிட் வரை அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் விதிக்கப்பட்டன. 2024-இல் மத்திய சுற்றுச்சூழல் சட்டத்தின் உச்ச அபராதமும் 1 கோடி ரிங்கிட்டாக உயர்ந்தது.

தண்டனை மட்டும் ஆற்றைக் காத்துவிடுமா என்று கேட்போர் செம்பனை ஆலைகளின் வரலாற்றைக் காணலாம். ஒரு காலத்தில் ஆலைக் கழிவின் பிராணவாயுத் தேவை லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவில் இருந்தது. 1977-ஆம் ஆண்டு விதிகள் அதனை 1978-இல் 5,000 ஆகவும், ஆண்டுதோறும் படிப்படியாகக் குறைத்து 1984-இல் 100 ஆகவும் நிர்ணயித்தன. காலக்கெடுவும், மாசுக்கேற்ற கட்டணமும், கழிவைத் தேக்கிச் சிதைக்கும் குளங்களும் சேர்ந்தே பயன் தந்தன. விதி தெளிவாகவும் செய்யக்கூடியதாகவும் இருந்ததால் ஆலைகள் வழிக்கு வந்தன.

வீடுகளுக்கும் இதுவே பொருந்தும். ஆலையின் கழிவு ஒரே வாயில் வழியே வெளியேறும். அதிகாரி அங்கே நின்று அளக்கலாம். ஆயிரக்கணக்கான சமையலறைகளில் அவ்வாறு நிற்க இயலாது. எந்தக் குழாய் எங்கே சேர்கிறது என்பதை வீடு கட்டுவோரும் வாங்குவோரும் கேட்டறிந்தாலன்றி, சட்டத்தின் காவல் வாசற்படியோடு நின்றுவிடும்.