வெள்ளை, மஞ்சள், கறுப்பு சேர்ந்தால் நீலம் பிறக்கும்! தெரியுமா?

ஆரணியில் ஒரு பட்டுச் சேலை, தறியில் ஒரு இழை ஓடுவதற்கு முன்பே முக்கால்வாசி முடிந்துவிடுகிறது, தெரியுமா? மாங்காய் எந்த இடத்தில் வளைய வேண்டும், முந்தானையில் மயில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் முதலில் கட்டம் போட்ட தாளில் தீர்மானமாகிறது. பிறகு அட்டையில் துளைகளாகிறது. ஒரு ஊடைக்கு ஒரு அட்டை. துளை இருந்தால் பாவு இழை மேலே எழும்பும். இல்லாவிட்டால் கீழேயே கிடக்கும். பிரான்ஸில் ஜக்கார்ட் 1804-ல் கொண்டுவந்த இந்த ஏற்பாட்டைப் பார்த்துத்தான் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கு எந்திரத்துக்குத் துளை அட்டையைக் கடன் வாங்கினார். ஆம்! கமண்டல நாகநதிக் கரையில் இன்றும் லொடக் லொடக்கென்று ஓடும் தறிக்கு, உங்கள் கைப்பேசி பேத்தி முறை!

அந்தப் பேத்தி இப்போது இன்னொரு பழைய தொழிலுக்கு அட்டை அடித்துக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறாள். அதைச் சொல்லத்தான் இத்தனை பரபரப்பு.

கைப்பேசி பேட்டரியின் நேர்மின்வாய் எப்படிப் பிறக்கிறது தெரியுமா? பொடிகளைச் சேர்த்து அரைத்து, உலையில் சுட்டு! எல்.இ.டி. விளக்கின் மேல் இருக்கும் மஞ்சள் பூச்சும் சுட்ட பொடிதான். காந்தம் ஒட்டும் ஃபெர்ரைட்டும் அப்படியே. நம் சித்த வைத்தியர் பற்பமும் செந்தூரமும் செய்யக் கல்வத்தில் அரைத்து, வில்லை தட்டி, அகலில் வைத்துச் சீலைமண் செய்து, வறட்டி எண்ணிப் புடம் போடுவாரே, அதே வரிசை! வேதியியல் ஆய்வகத்திலும் கல்வம் உண்டு, வில்லை உண்டு; வறட்டிக்குப் பதில் 800 முதல் 1,500 டிகிரி செல்சியஸ் வரை போகும் மின் உலை. எடுத்துப் பார்த்து, சரியாக வரவில்லையென்றால் மறுபடி அரைத்து மறுபடி சுடுவார்கள். திடநிலைத் தொகுப்பு என்ற பெரிய பெயருக்குப் பின்னால் இருப்பது இந்த வேலைதான்.

இனி நீலத்துக்கு வருவோம். சென்னையில் பிறந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் வாங்கிய மாஸ் சுப்பிரமணியன், அமெரிக்காவின் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2009-ல் மின்னணுக் கருவிகளுக்கான ஒரு புதுப்பொருளைத் தேடிக்கொண்டிருந்தார். இட்ரியம் ஆக்சைடு வெள்ளை. இண்டியம் ஆக்சைடு வெளிர்மஞ்சள். மாங்கனீசு ஆக்சைடு கறுப்பு. இவற்றைக் கலந்து ஏறக்குறைய 1,200 டிகிரியில் சுட்டார்கள். மாணவர் ஆண்ட்ரூ ஸ்மித் உலையைத் திறந்தபோது உள்ளே இருந்தது, கண்ணைப் பறிக்கும் நீலம்! போட்டதில் ஒரு சிட்டிகை நீலம் கிடையாது! இண்டியம் சேர்ந்த இட்ரியம் ஆக்சைடு தனியாக வெள்ளை, மாங்கனீசு சேர்ந்தது தனியாகக் கறுப்பு. இரண்டும் ஒரே படிகமாகக் கலந்தால் நீலம். மாங்கனீசு அணுவைச் சுற்றி ஐந்து ஆக்சிஜன் அணுக்கள் ஒரு விசித்திர அமைப்பில் உட்கார்ந்து, சிவப்பையும் பச்சையையும் விழுங்கிவிடுவதுதான் ரகசியம். அது வெயிலின் அகச்சிவப்புக் கதிரைத் திருப்பி அனுப்பும் என்பதால் கூரைப் பூச்சுக்கும் உகந்தது. 2017-ல் இந்த நீலத்தைப் பார்த்து ஒரு கிரேயான் நிறமே வந்தது.

பட்டுக்கடையில் எம்.எஸ். ப்ளூ தெரியாதவர் இல்லை. இந்தச் சுப்பிரமணியன் நீலத்தையும் நம்மவர்கள் அதேபோல் கொண்டாட வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் சாயப்பட்டறைக்கு இது உதவாது; தண்ணீரில் கரையாத நிறமி, பெயின்ட்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் உரியது.

அந்த நீலம் கிடைத்தது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பி எத்தனை உலை எரிப்பது? கூகுள் டீப்மைண்ட் 2023-ல் 22 லட்சம் படிகங்களைக் கணினியிலேயே கணித்து, அவற்றில் 3,80,000 நிலைத்து நிற்கக்கூடியவை என்று பட்டியல் போட்டது. பட்டியலில் பெயர் இருக்கிறது, செய்முறை இல்லை! எதை எதோடு அரைப்பது? எத்தனை டிகிரி? எவ்வளவு நேரம்?

இங்கேதான் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மூன்று பொடிகளைக் கலந்து உலையில் வைத்தால் மூன்றும் ஒரே நேரத்தில் சேர்வதில்லை, தெரியுமா? ஒரு மணி அதன் பக்கத்து மணியைத்தான் தொடுகிறது. ஆகவே முதலில் ஏதோ இரண்டு மட்டும் கூடும். கூடாத ஜோடி கூடிவிட்டால் போச்சு! மலையிலிருந்து உருண்ட கல் பாதி வழிப் பள்ளத்தில் சிக்கியதுபோல, வினையை நடத்த வேண்டிய ஆற்றல் அங்கேயே செலவாகி, வேண்டிய பொருள் வராமலே நின்றுவிடும். பாவு பிணைக்கும்போது இழை மாறினால் பிறகு எத்தனை முழம் நெய்தும் சரிவராது அல்லவா, அதுபோல. முதலில் எந்த ஜோடி சேரும், அதில் எவ்வளவு ஆற்றல் கரையும் என்பதை இப்போது கணினி முன்கூட்டியே கணக்கிடுகிறது.

பலன் என்ன தெரியுமா? மைனஸ் 180 டிகிரியிலேயே மின்தடையை அடியோடு இழக்கும் கறுப்பு மீக்கடத்தி ஒன்று 1987-ல் உலகையே உலுக்கியது. இட்ரியம், பேரியம், செம்பு, ஆக்சிஜன் சேர்ந்தது. வழக்கமாக அதற்குப் பேரியம் கார்பனேட் போட்டு 12 மணி நேரத்துக்கு மேல் சுடுவார்கள். ஜப்பானின் அகிரா மியுராவும் அமெரிக்காவின் வென்ஹாவ் சன்னும் அவர்கள் குழுவினரும் எக்ஸ் கதிரை உலைக்குள் பாய்ச்சி, உள்ளே நடப்பதை நடக்கும்போதே பார்த்தார்கள். கார்பனேட்டுக்குப் பதிலாகப் பேரியம் பெராக்சைடு போட்டால் முதல் ஜோடி மாறுகிறது, குறைந்த சூட்டிலேயே கொஞ்சம் உருகி வழியும் விடுகிறது. எவ்வளவு நேரத்தில் முடிந்தது? அரை மணி! அதே பொருள், அதே உலை. மாற்றியது ஒரே ஒரு பொடி! அந்த ஆய்வு 2021-ல் வெளியானது.

அதே சன்னின் குழு 2024-ல் இன்னும் துணிந்தது. 35 பொருள்கள், 224 வினைகள், அரைத்துச் சுடுவது ஒரு ரோபோ ஆய்வகம். கணக்குப் போட்டுத் தேர்ந்த பொடிகள், 35-ல் 32 பொருள்களை வழக்கமான பொடிகளைவிடத் தூய்மையாகத் தந்தன! லித்தியம், பேரியம், போரான் மூன்றும் கலந்த ஒரு பொருளுக்கு மூன்று தனிப் பொடி போடாமல், லித்தியத்தையும் போரானையும் முன்பே சேர்த்து வைத்த ஒரு பொடியும் பேரியம் ஆக்சைடும் மட்டும் போட்டார்கள். தவறான ஜோடி சேர இடமே இல்லை.

பெர்க்லியின் ஏ-லேப் என்னும் ரோபோ ஆய்வகம் 17 நாட்களில் 58 இலக்குகளில் 41-ஐச் செய்துவிட்டதாக 2023-ல் அறிவித்ததையும் சொல்லியாக வேண்டும். அவற்றில் பல உண்மையில் புதியவையே அல்ல என்று மற்ற வேதியியலாளர்கள் எக்ஸ் கதிர்ப் படங்களைக் காட்டி வாதிட்டார்கள். எனக்கும் அந்த எண்ணைக் காட்டிலும் அந்த வாதமே பெரிதாகப் படுகிறது. ரோபோ சுடலாம், வந்தது என்ன என்று சொல்ல இன்னும் பழகிய கண் வேண்டும்.

நம்மூர்க்காரர்கள் இதில் சளைத்தவர்களா? தென் தமிழகத்தின் அமராபுரத்தில் பிறந்து, மதுரையில் படித்து, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவரான ஆறுமுகம் மந்திரம்தான் லித்தியம் பேட்டரிப் பொருள்களில் ஜான் குட்இனஃபோடு வேலை செய்து, 2019-ல் அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரையே நிகழ்த்தினார்! அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து எழுந்த காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் நம் மண்ணிலேயே இருக்கிறது.

கடைசியாக ஒன்று. தோற்றுப்போன சோதனைகளுக்கு என்ன விலை தெரியுமா? 2016-ல் அமெரிக்காவின் ஹேவர்ஃபோர்ட் கல்லூரியில், அச்சேறாமல் மூலையில் கிடந்த பழைய ஆய்வக நோட்டுகளைக் கணினிக்குப் படிக்கக் கொடுத்தார்கள். சூடான நீரில் படிகம் வளர்க்கும் சோதனைகள், அவற்றில் பல தோல்வி. அதைப் படித்த கணினி சொன்ன வழிகள் 89 சதவீதம் வென்றன. அனுபவசாலிகள் சொன்னவை 78! ஆய்விதழ்களில் வெற்றி மட்டும்தான் அச்சாகிறது. எது கூடாது என்பதைக் கணினிக்குச் சொல்லிக்கொடுப்பது அந்த நோட்டுகள்தான்.

ஆகவே ஆரணியிலும் அக்கம்பக்கத்திலும் வேதியியல் படிக்கும் பிள்ளைகளே, மெட்டீரியல்ஸ் ப்ராஜெக்ட் என்ற தரவுத்தளம் 2011 முதல் எல்லோருக்கும் இலவசம். இன்றே உள்ளே போய் இட்ரியம், மாங்கனீசு, ஆக்சிஜன் என்று தேடிப் பாருங்கள். ஆய்வகத்தில் சரியாக வராத சோதனையையும் தேதி, எடை, சூடு, நேரம் போட்டு எழுதி வையுங்கள். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடாதீர்கள்!