சுத்திகரித்த நீர் எங்கே செல்கிறது?

பெட்ரோல் விற்பனை நிலையத்தில் கண்ணுக்குத் தெரிவது எண்ணெய் ஊற்றும் பம்பு மட்டுமே. எண்ணெய் தங்கியிருப்பதோ பூமிக்கடியில் புதைக்கப்பட்ட தொட்டியில். மண்ணின் ஈரத்தால் இரும்புத் தொட்டி துருப்பிடித்து ஊசிமுனையளவு துவாரம் விழுந்தாலும் போதும். ஒருவரும் அறியாமலே பல மாதங்கள் எண்ணெய் கசிந்துகொண்டிருக்கும். கசிந்த எண்ணெய் மண்ணினூடே இறங்கி நிலத்தடி நீரின்மீது மிதக்கிறது. அதிலுள்ள பென்சீன் முதலிய பொருள்கள் நீரில் கரைந்து, நீர் செல்லும் திசையில் கிணறுகளை நோக்கி நகர்கின்றன.

பென்சீன் புற்றுநோயை விளைவிக்கக்கூடியது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் குடிநீருக்கு விதிக்கப்பட்ட உச்ச வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம்; கலிபோர்னியா மாநிலத்தில் 1 மைக்ரோகிராம். ஒரே ஒரு கிராம் பென்சீன், 2 லட்சம் லிட்டர் தூய நீரை 5 மைக்ரோகிராம் என்னும் வரம்புக்குக் கொண்டுவந்துவிடும்.

இத்தகைய இடங்களைத் துப்புரவு செய்யும் முறைகளுள் ஒன்று, கிணறு தோண்டி மாசுற்ற நீரை வெளியே இறைத்துச் சுத்திகரிப்பதாகும். அப்போது எழும் கேள்வி எளியது: இறைத்த நீரை எங்கே விடுவது? மழைநீர்க் கால்வாயில் விட்டால் அது ஓடைக்கும் ஆற்றுக்கும் சென்று சேரும். சரிவரச் சுத்திகரிக்காமல் விட்டால், ஓரிடத்து மாசு வேறோர் இடத்துக்கு மாற்றப்பட்டதேயன்றி நீக்கப்பட்டதாகாது.

அனுமதியும் நிபந்தனைகளும்

அமெரிக்காவின் 1972-ம் ஆண்டு நீர்த் தூய்மைச் சட்டப்படி, குழாய் அல்லது கால்வாய் வழியே ஆறு, ஏரி, கடல்களில் மாசுப்பொருளை விடுவோர் அனுமதி பெறவேண்டும். துப்புரவு என்பது நற்பணி என்ற காரணத்தால் இதற்கு விலக்கு இல்லை. பூமிக்கடித் தொட்டிகளைக் கண்காணிக்க 1984-ம் ஆண்டில் தனி விதிகள் இயற்றப்பட்டபின், கசிவுகள் ஆயிரக்கணக்கில் வெளிப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் தனி அனுமதி எழுதுவது பெரும் வேலை. ஆகவே ஒரே தன்மையுள்ள இடங்கள் அனைத்துக்கும் பொருந்தும் பொது அனுமதி என்னும் முறை பல மாநிலங்களில் கையாளப்படுகிறது. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் எரிபொருள் கசிவு இடங்களுக்கு இத்தகைய அனுமதி உண்டு. துப்புரவில் இறைத்த நீரை இயன்றவரை மீண்டும் பயன்படுத்த வேண்டும். அது இயலாவிடில் நகரக் கழிவுநீர்ச் சாலைக்கு அனுப்ப முயல வேண்டும் என்பது அப்பகுதி நீர் வாரியத்தின் கொள்கை.

சுத்திகரிக்கும் விதம்

இறைத்த நீரிலிருந்து முதலில் மிதக்கும் எண்ணெய் பிரிக்கப்படுகிறது. பின்னர் உயரமான கோபுரத்தின் உச்சியிலிருந்து நீரைத் தூவி, கீழிருந்து காற்றைச் செலுத்தினால் பென்சீன் ஆவியாகி வெளியேறும். அந்தக் காற்றையும் கவனியாது விடலாகாது. எஞ்சியதைச் செயலூட்டிய கரி ஈர்த்துக்கொள்கிறது. கரி நிரப்பிய கலங்கள் இரண்டு, ஒன்றன்பின் ஒன்றாக அமைக்கப்படுகின்றன. முதற்கலம் நிரம்பிவிட்டால், இரண்டுக்கும் இடையே எடுத்த மாதிரியில் பென்சீன் தென்படும். இரண்டாவது கலம் நீரைக் காத்துக்கொண்டிருக்கும்போதே முதற்கலத்தின் கரியை மாற்றிவிடலாம். இடைமாதிரி எடுக்கத் தவறினால், மாசு வெளியேறிய பின்னரே செய்தி தெரியும்.

எரிபொருளில் சேர்க்கும் பொருள்களையும் கணக்கில் கொள்ளவேண்டும். அமெரிக்காவில் 1979 முதல் பெட்ரோலில் சேர்க்கப்பட்ட எம்.டி.பி.இ. என்னும் பொருள் நீரில் மிக எளிதாகக் கரைவது. காற்றாலும் கரியாலும் எளிதில் பிரியாதது. இதனால் 1996-ம் ஆண்டில் சாண்டா மோனிகா நகரம் தன் கிணறுகள் பலவற்றை மூட நேர்ந்து, நீர் வரத்தில் ஏறக்குறைய பாதியை இழந்தது. பென்சீனை மட்டும் சோதித்து நீர் தூயது என முடிவு செய்வது போதாது என்பதை இது உணர்த்திற்று.

மாதிரி எடுப்போர் கவனத்திற்கு

அனுமதிப் பத்திரம் எவ்வளவு கண்டிப்பானதாயினும், அதன் உயிர் மாதிரிப் புட்டியில் இருக்கிறது. பென்சீன் விரைவில் ஆவியாகும். ஆகவே புட்டியை விளிம்புவரை நிரப்பி, காற்றுக்குமிழ் ஒன்றும் இல்லாமல் மூடவேண்டும். தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தால் குமிழ் தெரியும். புட்டியைப் பனிக்கட்டியில் வைத்துச் சோதனைச்சாலைக்கு அனுப்பவேண்டும். பாதி நிரம்பிய புட்டியை வெயிலில் வைத்து அனுப்பினால், அழுக்கு நீரும் தூய நீரெனச் சான்று பெற்றுவிடும். சோடாப்புட்டியைத் திறந்து வைத்தால் வாயு வெளியேறுவதைக் காட்டி, ஆசிரியர்கள் இவ்வுண்மையை மாணவர்க்கு விளக்கலாம்.

இந்தியாவில் 1974-ம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டம், ஓடை, கிணறு, சாக்கடை, நிலம் ஆகியவற்றில் தொழிற்கழிவு நீரை விடுவதற்கு மாநில வாரியத்தின் இசைவைக் கட்டாயமாக்கியுள்ளது. எண்ணெய் கசிந்த இடத்தில் பம்பு ஓடுவதைக் கண்டு மனநிறைவு அடைந்துவிடலாகாது. குழாயின் மறுமுனை எங்கே திறக்கிறது, அங்கே கடைசியாக மாதிரி எடுத்த நாள் எது என்று கேட்பதே துப்புரவின் நிறைவாகும்.