தட்டின்மேல் ஒரு குறுமனிதன்

நத்தாருக்கு முந்திய வாரங்களில், அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே சிறுவர் வாழும் இல்லங்கள் பலவற்றில் பொழுது விடிந்ததும் ஒரு தேடல் தொடங்கும். பிள்ளைகள் பாயலை விட்டெழுந்து, முகங் கழுவுமுன்னரே அறை அறையாக ஓடுவர். நேற்றிரவு கணப்படுப்பின் மேற்றட்டிலே அமர்ந்திருந்த சிவப்பு உடைக் குறுமனிதன் இன்று எங்கே? சீனிப் போத்தலின் பின்னாலா, விளக்கின் மேலா, குளிர்சாதனப் பெட்டிக்குள்ளா? கண்டுபிடித்த பிள்ளையின் கூச்சலிலே வீடு முழுவதும் விழித்துக்கொள்ளும்.

இக்குறுமனிதனை அவர்கள் எல்ஃப் என்பர். நம் வழக்கிலே குறளி என்று சொல்லலாம். ஆயினும் குறளி என்றதும் நமக்கு மந்திரவாதியும் மையிருட்டும் நினைவுக்கு வருவதால், நேயர்களே, எல்ஃப் என்ற பெயரையே இங்கு வைத்துக்கொள்வோம்.

இப்பொம்மையின் விதிகள் சில. வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகள் அதற்கு ஒரு பெயர் சூட்டவேண்டும். பெயர் பெற்ற பின்னரே அதற்கு மந்திரசக்தி உண்டாகும். பகலெல்லாம் அது அசையாது, பேசாது. பிள்ளைகள் செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கும். வீட்டார் உறங்கியபின் வட துருவத்துக்குப் பறந்து சென்று, யார் நல்லவர், யார் குழப்படிக்காரர் என்று நத்தார்த் தாத்தாவிடம் அறிவித்துவிட்டு, விடியுமுன் திரும்பி வேறோர் இடத்திலே அமரும். நத்தார்க்கு முந்திய இரவில் விடைபெறும். மறு வருடந்தான் மீண்டும் வரும். எல்லாவற்றிலும் கடுமையான விதி யாதெனில், பிள்ளைகள் அதைத் தொடலாகாது என்பதே. தொட்டால் சக்தி போய்விடும். தொட்டுவிட்டாலோ அதற்கும் பரிகாரம் உண்டு: மன்னிப்புக் கடிதம் எழுதலாம், நத்தார்க் கீதம் பாடலாம், இரவிலே அதன் பக்கத்தில் சிறிது கறுவாத்தூள் தூவலாம். கறுவாவின் தாயகமாகிய நம் நாட்டவர்க்கு இச்செய்தி சற்று இனிக்கவே செய்யும்.

இவ்வழக்கம் பழமையானது போலத் தோன்றினும், நூல்வடிவு பெற்றது 2005ஆம் ஆண்டிலேதான். ஜோர்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த கரோல் ஏபர்சோல்ட் என்னும் தாயாரும் அவர் மகள் சாண்டா பெல்லும் தம் குடும்பத்தில் நிலவிய விளையாட்டைச் செய்யுட் கதையாக்கினர். அவர்கள் வீட்டுப் பொம்மையின் பெயர் ஃபிஸ்பீ. பதிப்பாளர் ஏற்காமையால் தாமே அச்சிட்டு, பொம்மையொன்றையும் பெட்டியில் வைத்து விற்கத் தொடங்கினர். இரட்டைச் சகோதரியான கிறிஸ்டா பிற்சும் வியாபாரத்திலே துணைநின்றார். 2012இல் நியூ யோர்க் நகரின் நன்றிநாள் ஊர்வலத்திலே இப்பொம்மை மாபெரும் பலூனாக வானில் மிதந்தது. குடும்ப விளையாட்டொன்று ஏழே வருடங்களில் நாடறிந்த வியாபாரமாகிவிட்டது!

ஆனால் வீட்டைக் காக்கும் குறுமனிதன் என்ற எண்ணம் வடவைரோப்பாவிலே மிகப் பழையது. டென்மார்க்கிலும் நோர்வேயிலும் நிஸ்ஸ என்றும், சுவீடனிலே தொம்த என்றும் அவனுக்குப் பெயர். கமக்காரரின் தொழுவத்திலே வாழ்ந்து, மாடுகளைப் பேணுவான். நத்தார் இரவில் அவனுக்கு ஒரு கிண்ணம் கஞ்சியும் அதன்மேல் வெண்ணெயும் வைத்தல் வழக்கம். ஒரு கதையைக் கேளுங்கள். வேலைக்காரப் பெண்ணொருத்தி விளையாட்டாக வெண்ணெயைக் கஞ்சிக்கு அடியிலே மறைத்துவைத்தாள். மேலே வெண்ணெயைக் காணாத நிஸ்ஸ சினங்கொண்டு, தொழுவத்தின் சிறந்த பசுவைக் கொன்றுவிட்டான். பின்பு பசி பொறாது கஞ்சியை உண்டபோது அடியிலே வெண்ணெய் தென்பட்டது. நாணமுற்றவன், அயலார் தொழுவத்திலிருந்து அதே நிறப் பசுவொன்றைக் கொணர்ந்து கட்டிவிட்டானாம். அயலார் கதி என்னவாயிற்று என்று கதை சொல்லுவதில்லை.

நத்தார்த் தாத்தாவும் தொடக்கத்திலே எல்ஃப் இனத்தவராகவே எண்ணப்பட்டார். 1823இல் அமெரிக்காவின் ட்ரோய் நகரப் பத்திரிகையில் பெயரின்றி வெளிவந்த புகழ்பெற்ற கவிதை அவரை அப்படியே வருணிக்கிறது. ஐம்பது ஆண்டுகளின் பின், 1873இல், கோடீஸ் லேடீஸ் புக் என்னும் மாதர் சஞ்சிகை, எல்ஃபுகள் சூழ அவர் விளையாட்டுப் பொருள்கள் செய்யும் பட்டறையைப் படமாக வெளியிட்டது. எல்ஃபுகள் அவருடைய தொழிலாளராகிவிட்டனர்.

பழைய நிஸ்ஸவுக்கும் புதிய பொம்மைக்கும் உள்ள வேற்றுமையை இவ்விடத்தே கருதவேண்டும். நிஸ்ஸ பார்த்தது வீட்டுத் தலைவனை: பசுவுக்குத் தீனி வைத்தானா, தன் பங்கைத் தந்தானா என்று. இன்றைய பொம்மையோ ஐந்து வயதுக் குழந்தையைப் பார்க்கிறது. பார்த்ததை வேறொருவரிடம் சொல்லுகிறது. 2014இல் கனடாவைச் சேர்ந்த பேராசிரியர் லோரா பின்ரோவும் செலீனா நெமோரினும் இதனைக் கண்டித்து ஒரு கட்டுரை எழுதினர். கையால் தொடவியலாத பொம்மை விளையாட்டாகாது. எந்நேரமும் தன்னை எவரோ கண்காணிப்பதை இயல்பென ஏற்கக் குழந்தை பழகிவிடும் என்பது அவர்கள் வாதம். சிரித்து ஒதுக்கியவர் பலர். ஆயினும் ‘எல்ஃப் பார்க்கிறது, பரிசு கிடைக்காது’ என்று டிசம்பர் முழுவதும் பிள்ளையை மிரட்டும் வீட்டுக்கு இவ்வாதம் முற்றும் பொருந்தும் என்றே கூறுவேன். நம்மிடையே பூச்சாண்டி செய்யும் வேலையைத்தானே அப்பொம்மை அங்கே செய்கிறது?

பெற்றோர் படும் பாடும் சிறிதன்று. நாள் முழுதும் உழைத்துக் களைத்த தாய், நள்ளிரவில் திடுக்கிட்டெழுந்து பொம்மையை இடம் மாற்ற வேண்டியிருக்கிறது. மறந்துவிட்டால் காலையிலே குழந்தை அழும்: நான் செய்த குற்றத்தாலா அது போகவில்லை? 2021 நவம்பரில், இப்பொம்மை பிறந்த ஜோர்ஜியாவிலேயே, கொப் மாவட்டத்து மேல்நீதிமன்றத் தலைமை நீதிபதி, எல்ஃபுகளை மாவட்டத்தினின்றும் நாடுகடத்துவதாக வேடிக்கைக் கட்டளையொன்று பிறப்பித்தார். பொம்மையைத் தொட்ட பிள்ளை ‘எல்ஃபைக் கொன்றவன்’ எனப் பழிக்கப்பட்டு அழுததையும் அதிலே குறிப்பிட்டார். களைத்த பெற்றோருக்குத் தம் பரிசு அது என்றும், எல்ஃபை விரும்புவோர் வைத்துக்கொள்ளலாம் என்றும் சேர்த்துக்கொண்டார். கட்டளை வேடிக்கை, அழுகை வேடிக்கையன்று.

ஆகவே சில குடும்பங்கள் விதிகளைத் தாமே திருத்திக்கொள்கின்றன. அறிக்கை கொண்டுசெல்லும் வேலையை நீக்கிவிட்டு, மாவிலே உருண்டு கிடப்பதும், தூண்டில் போட்டு மீன் பிடிப்பதுமாகப் பொம்மையைக் குறும்பு மட்டுமே செய்ய விடுகின்றனர். வேறு சிலர் ‘இன்று அயல்வீட்டுப் பாட்டிக்கு ஒரு வாழ்த்துமடல் கொடு’ என்பதுபோன்ற சிறு குறிப்பொன்றை அதன் கையிலே வைத்து விடுகின்றனர்.

எட்டோ ஒன்பதோ வயதில் ஒரு நாள் பிள்ளை தாயை நோக்கி, “அம்மா, நீங்கள்தானே அதை நகர்த்துகிறீர்கள்?” என்று கேட்டுவிடும். பலர் அப்பொழுது உண்மையைச் சொல்லி, தம்பி தங்கையர் இன்னும் நம்புகின்றனர் என்பதையும் எடுத்துக்கூறி, அன்றிரவே பொம்மையை அப்பிள்ளையின் கையில் கொடுக்கின்றனர். தொடக்கூடாதென்று பல வருடம் விலகி நின்ற பிள்ளை, முதன்முறையாக அதைத் தொட்டுத் தூக்கிக்கொண்டு, உறங்கும் தம்பியின் அறையைக் கடந்து, மறுநாள் எங்கே ஒளித்துவைக்கலாம் என்று அடிமேல் அடிவைத்து இடந் தேடிச் செல்லும்.