நிற்கிற காரும் ஆளைக் கொல்லும்! "ரெண்டு நிமிஷம்" என்று குழந்தையை உள்ளே விட்டுப் போகாதீர்கள்

சூரமங்கலம்,

ஓடுகிற கார் மோதி ஆள் சாவது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. ஆனால் நிற்கிற காருக்குள்ளேயும் உயிர் போகிறது. அப்படிப் போகும் உயிர்களில் பிஞ்சுக் குழந்தைகளும் உண்டு.

சேலம் ஜங்ஷன் வாசலில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். ரயிலில் வரும் உறவினரை அழைத்துப் போக கார்கள் வரிசையாக நிற்கும். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே ஏ.சி. போட்டிருக்கும். நாலு கண்ணாடியும் ஏற்றியிருக்கும். பின் சீட்டில் பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும்.

"ரெண்டு நிமிஷம்தான். பிளாட்பாரம் வரைக்கும் போய் கூட்டிட்டு வந்துடறேன்" என்று அப்பா இறங்கிப் போவார். ரயில் அரை மணி நேரம் லேட்!

உழவர் சந்தையில் காய் வாங்கப் போனாலும் இதே "ரெண்டு நிமிஷம்"தான். ஐந்து ரோடு பக்கம் கடைக்குப் போனாலும் இதே கதைதான்.

முன்பெல்லாம் கார் என்றால் பெரிய மனிதர் வீட்டு வாசலில்தான் நிற்கும். இன்று மளிகைக் கடைக்காரரும் ஆபீஸ் குமாஸ்தாவும் தவணை போட்டு வாங்குகிறார்கள். செகண்ட் ஹேண்டில் கிடைக்கிறது. டிரைவிங் ஸ்கூலில் கிளட்ச், கியர், பிரேக் மிதிக்கக் கற்றுக் கொடுக்கிறார்கள். காரை நிறுத்திய பிறகு எந்தப் பட்டன் என்ன செய்யும், எது ஆபத்து என்பதைக் கேட்பவரும் இல்லை, சொல்பவரும் இல்லை.

பணகுடியில் பறிபோன 3 உயிர்கள்

நெல்லை மாவட்டம் பணகுடி அருகே லெப்பைக்குடியிருப்பு. 2022-ம் ஆண்டு ஜூன் 4-ந் தேதி சனிக்கிழமை. 7, 5, 4 வயதுள்ள 3 குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தனர். வீட்டுப் பக்கம் ஒரு கார் நின்றிருந்தது. மூவரும் அதில் ஏறிக்கொண்டனர். கதவு மூடிக்கொண்டது. அவர்களால் திறக்க முடியவில்லை.

பிள்ளைகளைக் காணோமே என்று தேடியபோது காருக்குள் மயங்கிக் கிடந்தனர். ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடினார்கள். மூன்று பேரும் இறந்துவிட்டனர்.

3 ஆண்டு கழித்து இதே கொடுமை ஆந்திராவில் நடந்தது. விஜயநகரம் மாவட்டம் துவாரபூடி கிராமத்தில் 2025-ம் ஆண்டு மே 18-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை 4 குழந்தைகள் இதேபோல நின்ற காருக்குள் மாட்டிக்கொண்டு பரிதாபமாக இறந்தனர்.

இரண்டு இடத்திலும் கார் ஓடவில்லை. யாரும் குடித்துவிட்டு ஓட்டவில்லை. வேகம் இல்லை, மோதல் இல்லை. கார் சும்மா நின்றுகொண்டுதான் இருந்தது.

மூச்சு முட்டலா, வெப்பமா?

"மூச்சுத் திணறி இறந்தனர்" என்றுதான் இப்படிப்பட்ட செய்திகள் வரும். ஆனால் உள்ளே இருக்கும் காற்று தீர்ந்துபோவதற்கு முன்பே வெப்பம் முந்திக்கொள்கிறது.

கண்ணாடி வழியாக வெயில் உள்ளே போகும். சீட்டும் டாஷ்போர்டும் சூடேறும். அந்தச் சூடு வெளியே வர வழி இல்லை. மூடி வைத்த இட்லிப் பானை மாதிரி!

அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக டாக்டர்கள் இதை அளந்து பார்த்து 2005-ல் வெளியிட்டார்கள். மூடிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஏறியது. அதில் 80 சதவீதம் முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிட்டது.

"கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வச்சுட்டுத்தானே போறேன்?" என்று கேட்பவர்கள் உண்டு. அதையும் அந்த டாக்டர்கள் சோதித்தார்கள். ஒன்றரை அங்குலம் இறக்கி வைத்துப் பார்த்தார்கள். பெரிய வித்தியாசம் இல்லை.

அவர்கள் சோதித்தது கொளுத்தும் வெயிலில்கூட அல்ல. வெளியே 22 முதல் 36 டிகிரிக்குள் இருந்த நாட்களில்தான். சேலத்தில் சித்திரை, வைகாசியில் 38 டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல. அதாவது பழைய கணக்கில் 100 டிகிரி. மார்கழி, தை வெயில்தானே என்றும் அலட்சியமாக இருக்க முடியாது என்பதுதான் இந்த ஆய்வு சொல்லும் சேதி.

பெரியவர்களைவிட குழந்தையின் உடம்பு 3 முதல் 5 மடங்கு வேகமாகச் சூடாகும். உடல் சூடு 40 டிகிரி செல்சியசைத் தாண்டினால் வெப்ப மயக்கம். 42-ஐ நெருங்கினால் உயிருக்கே முடிவு.

அமெரிக்காவில் 1998-ம் ஆண்டு முதல் இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்திருக்கின்றனர். அதில் பாதிக்கு மேல், பெற்றவர்களோ மற்றவர்களோ குழந்தை பின்னால் இருப்பதையே மறந்துவிட்டுப் போனதால் நடந்தவை. ஏறக்குறைய நாலில் ஒன்று, பணகுடியில் நடந்தது போல குழந்தைகள் தாங்களாகவே ஏறிக்கொண்டதால் நடந்தவை.

ஏறத் தெரியும், இறங்கத் தெரியாது

பூட்டாத காரில் ஏறிய குழந்தை ஏன் இறங்க முடியாமல் தவிக்கிறது?

முதல் காரணம் "சைல்டு லாக்". பின் கதவைத் திறந்தால் அதன் ஓரத்தில் சின்னதாக ஒரு நெம்புகோல் இருக்கும். அதைத் தள்ளிவிட்டால் பின் கதவை உள்ளிருந்து திறக்கவே முடியாது. வெளியிலிருந்துதான் திறக்க வேண்டும். ஓடுகிற காரில் குழந்தை கதவைத் திறந்து விழாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. நின்ற காரில் அதுவே சிறைக் கதவு.

இரண்டாவது, கதவில் உள்ள பூட்டுக் குமிழ். விளையாட்டாக அதை அழுத்திவிடும் பிள்ளைக்கு மறுபடி இழுக்கத் தெரியாது. சில கார்களில் கைப்பிடி இறுக்கமாக இருக்கும். பிஞ்சுக் கைக்கு வராது.

மூன்றாவது, ரிமோட் சாவி. பல கார்களில் ரிமோட்டில் பூட்டைத் திறந்துவிட்டு கதவைத் திறக்காமல் இருந்தால், கொஞ்ச நேரத்தில் அது தானாகவே மறுபடி பூட்டிக்கொள்ளும். சாவியை குழந்தை கையில் விளையாடக் கொடுத்துவிட்டு இறங்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இந்தப் பூட்டு விஷயத்தில் சர்க்காரும் சட்டம் கொண்டுவந்தது. 2019-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி முதல் வந்த புது கார்களில், சென்டிரல் லாக் வேலை செய்யாவிட்டாலும் கையால் கதவைத் திறக்க வழி இருக்க வேண்டும். வாடகை டாக்சிகளில் சைல்டு லாக் வைக்கவே கூடாது என்றும் அதே தேதியிலிருந்து தடை வந்தது. அது பெண் பயணிகளின் பாதுகாப்புக்காக.

சொந்தக் காரில் எப்படித் திறப்பது என்பதை வீட்டுக்காரர்தான் பிள்ளைக்குச் சொல்லித் தர வேண்டும். சைல்டு லாக் பின் கதவுக்கு மட்டும்தான். "முன் சீட்டுக்குத் தாண்டி வா. டிரைவர் கதவுக் கைப்பிடியை இழு. வரலைன்னா ஹாரனை அடிச்சுக்கிட்டே இரு" என்று பழக்க வேண்டும். பெரும்பாலான கார்களில் சாவி இல்லாமலே ஹாரன் அடிக்கும். உங்கள் காரில் அடிக்கிறதா என்று இன்றே பார்த்துக்கொள்ளலாம்.

கறுப்புக் கண்ணாடி

உள்ளே இருப்பது வெளியே தெரியாமல் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது பலருக்கு ஆசை. 2012-ம் ஆண்டு ஏப்ரல் 27-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு இதற்குத் தடை போட்டது. முன், பின் கண்ணாடி வழியாக 70 சதவீத வெளிச்சமும், பக்கவாட்டுக் கண்ணாடி வழியாக 50 சதவீத வெளிச்சமும் போக வேண்டும் என்பது விதி. குற்றம் நடப்பதைத் தடுக்கத்தான் அந்த வழக்கு. ஆனால் உள்ளே குழந்தை தவித்தால் வழியே போகிறவர் கண்ணில் படுவதும் தெளிவான கண்ணாடியில்தான்.

ஏ.சி. தூக்கம், கடைசித் தூக்கம்

குழந்தைகளுக்கு வெப்பம் எமன் என்றால், பெரியவர்களுக்கு எமன் வேறு. அது கண்ணுக்குத் தெரியாது. மூக்குக்கும் தெரியாது.

என்ஜின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு உண்டு. நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. நம் ரத்தம் பிராண வாயுவைப் பிடிப்பதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இதைப் பிடித்துக்கொள்ளும். முதலில் லேசான தலைவலி, மயக்கம். தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாது. தூக்கம் அப்படியே நீண்டுவிடும்.

கேரளாவில் வடகரை அருகே கரிம்பனப்பாலத்தில் 2024-ம் ஆண்டு டிசம்பர் 23-ந் தேதி ரோட்டோரம் நின்ற கேரவன் வண்டியில் 2 பேர் இறந்து கிடந்தனர். ஏ.சி.க்காக ஜெனரேட்டர் ஓடியிருக்கிறது. அதன் விஷவாயு வண்டிக்குள் புகுந்ததுதான் காரணம் என்று கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் சோதனை நடத்திக் கண்டுபிடித்தனர்.

அது கேரவன். காரில் ஜெனரேட்டர் இல்லையே என்று நினைக்க வேண்டாம். காரின் என்ஜினே ஜெனரேட்டர் மாதிரிதான். வண்டி ஓடும்போது புகை பின்னால் போய்விடும். நிற்கும்போது வண்டியைச் சுற்றியே நிற்கும். சைலன்சர் குழாயில் ஓட்டை, அடித்தகட்டில் துரு, கதவு ரப்பர் கிழிசல், இதில் ஏதாவது ஒன்று போதும் உள்ளே வர. ஷெட்டுக்குள் என்ஜினை ஓட விட்டால் ஓட்டையே தேவையில்லை.

ஏ.சி. பக்கத்தில் இரண்டு படம் போட்ட பட்டன் இருக்கும். காருக்குள்ளேயே அம்பு சுற்றினால் உள்காற்று. வெளியிலிருந்து அம்பு வந்தால் வெளிக்காற்று. நிறைய பேர் காரை வாங்கிய நாளிலிருந்து உள்காற்றிலேயே வைத்திருக்கிறார்கள். அப்படியே நாலைந்து பேர் நீண்ட தூரம் போனால் விட்ட மூச்சையே இழுக்க வேண்டும். டிரைவருக்குக் கொட்டாவி வரும். அவ்வப்போது வெளிக்காற்றுக்கு மாற்றுவது நல்லது. நின்ற காரிலோ, வெளிக்காற்றில் வைத்தால் சொந்தப் புகையே உள்ளே வரலாம். ஆகவே பட்டனை எப்படி வைத்தாலும் என்ஜின் ஓட, கண்ணாடி ஏற்றித் தூங்குவது கூடாது.

பட்டனை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் கார்களில் இன்னொரு வில்லங்கம். ரிமோட்டை பாக்கெட்டில் போட்டுக்கொண்டு இறங்கிவிடலாம். என்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். சத்தமும் அவ்வளவாகக் கேட்காது. அமெரிக்காவில் இப்படி ஷெட்டில் ஓடிய கார்களின் விஷவாயு வீட்டுக்குள் பரவி 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனதை 2018-ல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை வெளியிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 126-வது பிரிவு நிற்கிற வண்டிக்கென்றே உள்ளது. பொது இடத்தில் வண்டி நின்றால், லைசென்ஸ் உள்ளவர் டிரைவர் சீட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் என்ஜினை நிறுத்தி, பிரேக் போட்டு, வண்டி தானாக நகராதபடி செய்துவிட்டுப் போக வேண்டும்.

ஆக, என்ஜினை ஓட விட்டு, குழந்தையை உள்ளே வைத்துவிட்டு டீ குடிக்கப் போவது சட்டப்படியும் தப்பு. அந்தக் குழந்தை முன்னால் தாவி கியரைத் தள்ளினால் போதும், நின்ற கார் ஓடுகிற காராகிவிடும்.

ஏற்காடு போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 20 கொண்டை ஊசி வளைவு உள்ள மலைப்பாதை. சரிவில் நிறுத்தினால் ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது. இறக்கத்தைப் பார்த்து நின்றால் ரிவர்ஸ் கியர், ஏற்றத்தைப் பார்த்து நின்றால் முதல் கியர். டயருக்குக் கல் கொடுத்தால் இன்னும் நல்லது.

கண்ணாடி ஸ்விட்சும் கவனிக்க வேண்டியதுதான். பவர் விண்டோவில் குழந்தை தலையை நீட்டியிருப்பது தெரியாமல் டிரைவர் ஸ்விட்சை அழுத்தினால் கழுத்து மாட்டிக்கொள்ளும். டிரைவர் கதவிலேயே மற்ற கண்ணாடிகளைப் பூட்டும் பட்டன் உண்டு. குழந்தை ஏறியதும் அதை அழுத்திவிட வேண்டும். பின்னால் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் கண்ணாடியை ஏற்ற வேண்டும்.

செய்ய வேண்டியது

* வீட்டு வாசலில் நிற்கும் காரையும் பூட்டி வையுங்கள். டிக்கியையும் சேர்த்துப் பூட்டுங்கள். சாவி பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது.

* பிள்ளையைக் காணோம் என்றால் கிணறு, தொட்டியோடு சேர்த்து தெருவில் நிற்கும் கார்களுக்குள்ளும் பாருங்கள்.

* ஆபீஸ் பை, டிபன் கேரியரை பின் சீட்டில் வையுங்கள். அதை எடுக்கப் பின் கதவைத் திறந்தே ஆக வேண்டும். தூங்கும் குழந்தையை மறக்க மாட்டீர்கள்.

* வெயிலில் நின்ற காரில் ஏறியதும் நாலு கதவையும் திறந்து சூட்டை வெளியேற்றுங்கள். பிறகு ஏ.சி. போடலாம்.

* ஜங்ஷனில் காத்திருக்க வேண்டுமா? என்ஜினை நிறுத்தி, குழந்தையையும் கூட்டிக்கொண்டு இறங்கி நிழலில் நில்லுங்கள்.

கண்ணெதிரே குழந்தை தவித்தால்...

பூட்டிய காருக்குள் குழந்தை துவண்டு கிடப்பதைப் பார்த்தால் கார்க்காரர் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நாலு பேரைக் கூப்பிடுங்கள். கதவு திறக்கவில்லை என்றால் கண்ணாடியை உடைக்க வேண்டியதுதான். முன் கண்ணாடியை உடைக்காதீர்கள். நடுவில் பிளாஸ்டிக் படலம் இருப்பதால் லேசில் வழிவிடாது. குழந்தைக்குத் தூரமாக உள்ள பக்கவாட்டுக் கண்ணாடியின் மூலையில், கூரான இரும்பால் ஓங்கி அடிக்க வேண்டும்.

வெளியே எடுத்ததும் நிழலுக்குக் கொண்டுபோய் துணியைத் தளர்த்துங்கள். உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு இல்லாத குழந்தையின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. 108-க்குப் போன் செய்து ஆம்புலன்சை வரவழைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.