உப்பைச் சோதிப்பது யார்?

காஞ்சீபுரத்தில் பட்டுப் புடவை வாங்குகிறவர்கள் சரிகையைத்தான் முதலில் பார்ப்பார்கள். அதில் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று சோதித்துச் சொல்லக் கருவியே வந்துவிட்டது. ஆனால், அந்தப் புடவையை நெய்யும் பிள்ளையார்பாளையத்து வீட்டு அடுக்களையில் ஒரு ஜாடி இருக்கிறதே, அதிலுள்ள உப்பை யார் சோதிக்கிறார்கள்?

உப்புக்கு என்ன சோதனை என்று கேட்கிறீர்களா? அதில் அயோடின் இருக்கிறதா என்ற சோதனைதான்!

ஒரு நாளைக்கு நமக்கு வேண்டிய அயோடின் 150 மைக்ரோகிராம். கர்ப்பிணிகளுக்கு 250. ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்கு போட்டால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோகிராம்! இந்தத் துளி கிடைக்காவிட்டால் கழுத்தில் கழலை வீங்கும். அது கண்ணுக்குத் தெரியும். வயிற்றில் இருக்கும் சிசுவின் மூளை வளர்ச்சி குன்றுவது யார் கண்ணுக்கும் தெரியாது. அதுதான் பெரிய நஷ்டம்.

இது இமயமலை அடிவாரத்து நோய் என்றே வெகுகாலம் எண்ணினார்கள். 1956-ல் டாக்டர் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் காங்க்ரா பள்ளத்தாக்கில் ஓர் ஆராய்ச்சி தொடங்கினார்கள். சில பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பு. ஒரு பகுதிக்குச் சாதா உப்பு. சில வருஷங்களில், அயோடின் உப்பு தின்ற பகுதிகளில் கழலை மளமளவென்று குறைந்தது. 1962-ல் தேசியத் திட்டம் பிறந்தது. சமவெளியிலும் கடற்கரையிலும்கூட இந்தக் குறை உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. அயோடின் கலக்காத சமையல் உப்பை விற்க 1998-ல் தடை வந்தது; 2000-ல் நீங்கியது; 2006-ல் மறுபடி வந்தது.

மரக்காணம், வேதாரண்யம், தூத்துக்குடி என்று நம் கரையெங்கும் உப்பளம். "கடல் உப்பில் அயோடின் இல்லாமலா போகும்?" என்பார்கள். கடல் நீரில் இருப்பதே சொற்பம். பாத்தியில் உப்பு விளையும்போது அதுவும் தங்குவதில்லை.

2015-16 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், நாட்டில் நூற்றுக்கு 93 வீடுகளில் அயோடின் உப்பு இருந்தது. சந்தோஷம்தான். ஆனால் அங்கே செய்தது சொட்டுச் சோதனை. உப்பின்மேல் ஒரு சொட்டு மருந்து விட்டால் நீலம் பாயும். அயோடின் உண்டு என்று அது சொல்லும். போதுமா என்று சொல்லாது. வீட்டுக்கு வந்து சேரும் உப்பில் கிலோவுக்கு 15 மில்லிகிராமாவது இருக்கவேண்டும். 2018-19-ல் அந்த அளவைப் பார்த்தார்கள். தேறிய வீடுகள் நாட்டில் நூற்றுக்கு 76. தமிழ்நாட்டில் சுமார் 62! மாநிலங்களில் நாம்தான் கடைசி. உப்பு விளைவிக்கும் ஊருக்கு இந்தக் கதி!

காரணம், பெரும்பாலும் நம் கல் உப்பு மோகம். அயோடின் மருந்து கல்லின் மேற்பரப்பில்தான் ஒட்டுகிறது. மூட்டையைத் திறந்து வைத்து, உப்பு கசிந்து ஒழுகினால் மருந்தும் கூடவே ஒழுகிவிடும். திட்டத்தைச் சற்றே தளர விட்டாலும் குறை திரும்பிவிடும்; மண்ணில் இல்லாத அயோடின் தானாக முளைக்கப் போவதில்லை. ஆகவே ஆலையில் எத்தனை டன் கலந்தார்கள் என்ற கணக்கு போதாது; கடையிலும் அடுக்களையிலும் விடாமல் பார்க்கவேண்டும்.

அதற்காக உப்பை அள்ளிப் போடவேண்டாம்! நாளைக்கு 5 கிராமுக்குள் இருந்தால் போதும். பாக்கெட்டில் சிரிக்கும் சூரியன் படம் இருக்கிறதா என்று பாருங்கள். வாங்கியதை ஈரக் கை படாமல் மூடி வையுங்கள். வெள்ளிக்கிழமை கல் உப்பு வாங்கினால்தான் லட்சுமி வருவாள் என்கிற பாட்டிமார்களுக்கும் கவலை வேண்டாம். அயோடின் கலந்த கல் உப்பும் பாக்கெட்டில் வருகிறது.